கல்லு போட்டா கடல் நிக்குமா?



மலையில இருக்கிறவளுக்குக் கடலைப் பத்தி என்ன கட்டுரைன்னு கேட்பீங்க. காரணம் இருக்கு. எங்க பீன்ஸ் தோட்டத்துக்குப் பக்கத்து மனையில் போன வருஷம் பெரிய தடுப்புச்சுவர் கட்டினார்கள். அவங்க மண் இப்போ சரிவதில்லை, இடத்துக்கு விலையும் ஏறிவிட்டது. ஆனா மழைத்தண்ணி முழுக்க சுவர் முடியற கோடிக்கு வந்து எங்க தோட்டத்தில் பாயுது. மூணு படி சரிஞ்சு போச்சு.

லீவுக்குப் புதுச்சேரி சித்தி வீட்டுக்குப் போனேன். அங்கேயும் இதே கதைதான்!

கடற்கரை மணல் ஒரே இடத்தில் இருப்பதில்லை. அங்கே வருஷத்தில் பல மாதம் அலை சாய்வாக அடித்து மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் கொஞ்சம் தெற்கே திரும்பும். ஊருக்குத் தெற்கே 1989-இல் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் தடுப்பு கட்டி முடித்தார்கள். வடக்கே போக வேண்டிய மணல் அங்கேயே நின்றுவிட்டது. ஊர் முன்னால் இருந்த மணல் கரைந்தே போனது. அதனால் கடற்கரை ரோடு ஓரமாகக் கருங்கல் கொட்டினார்கள்.

கல்லுக்குப் பின்னால் இருக்கிற ரோடு, ஓட்டல், கட்டடம் எல்லாம் தப்பிச்சது. கடல் வராதுன்னு நம்பிக்கை இருந்தால்தானே ஒருத்தர் பணம் போட்டு இடம் வாங்குவார், மாடி கட்டுவார்? ஆனா கல்லு மணலைக் கொண்டு வராது. அது முடிகிற இடத்தில் அரிப்பு இன்னும் அதிகமாகும். வடக்கே தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் பக்கம் கரை அரித்து மீனவர் வீடுகள் இடிந்தன. சரி, அங்கேயும் கல்லு போடலாமே என்றால், வீடு நிற்கும்; படகு ஏற்ற, வலை காய வைக்க மணல் இருக்காது. மணல் போனால் அவங்க மனை இருந்து என்ன பிரயோஜனம்?

2018-இல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் வேற மாதிரி செய்தது. தலைமைச் செயலகம் எதிரே கடலுக்கு அடியில் இரும்பும் கல்லும் கொண்ட தடுப்பை இறக்கினார்கள். அலை அதில் மோதி வேகம் குறையும், மணல் தங்கும். துறைமுக வாயில் தூர் வாரிய மணலையும் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பல வருஷம் கழித்து ஊர் முன்னால் மணல் வந்தது. “நான் கல்யாணமாகி வந்தப்ப இங்க கல்லு மட்டும்தான்டி இருந்துச்சு” என்று சித்தி சொன்னாங்க. அங்கே உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டோம்.

ஊருக்கு வந்ததும் இதை அப்பாகிட்ட சொன்னேன். சுவர் கோடியிலிருந்து ஓடை வரைக்கும் வடிகால் வெட்டித் தரும்படி அவங்ககிட்ட கேட்டிருக்கார். ஐப்பசி மழைக்குள்ள வெட்டணும்.