முகம் வேறு, உடல் ஒன்று

பசியாவரத்துக்குச் செல்லும் படகுக்காகப் பழவேற்காட்டுக் கரையில் காத்திருந்த ஒரு முற்பகலில், பூநாரைகளைக் காண வந்தவர்கள் நிறுத்திவிட்டுப் போயிருந்த வாகன வரிசையில் அருகருகே நின்ற இரண்டு சிறிய கார்கள் என் கவனத்தை ஈர்த்தன. ஒன்றின் நெற்றியில் ஜப்பானிய நிஸ்ஸான் கம்பெனியின் வட்டச் சின்னம். மற்றொன்றின் நெற்றியில் பிரெஞ்சு ரெனால்ட் கம்பெனியின் வைரச் சின்னம். குலமும் கோத்திரமும் வேறான அவ்விரண்டையும், முன்பக்கத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் நின்று நோக்கியபோதோ, கூரையின் வளைவும், கதவுகளின் வெட்டும், கண்ணாடிகளின் சாய்வும் ஒரே தாயின் வயிற்றில் பிறந்தவை என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்டிவிட்டன.

கரையோரத்தில் ஓர் அம்மாள் கூடை மீனை இனம் பிரித்துக்கொண்டிருந்தாள். இந்த ஏரிக்குப் பெயர் தேடித் தந்த மடவை மீனில் பல வகைகள் உண்டு. நகரவாசியின் கண்ணுக்கு அவை யாவும் ஒன்றே. எப்படித் தெரிகிறது என்று கேட்டதற்கு, "பாத்துப் பாத்துத் தெரியுது சார்" என்றாளே தவிர, கை ஓயவில்லை. மீனியல் அறிஞர்களோ கண்ணைப் பார்க்கச் சொல்கிறார்கள்: பெரு மடவையின் கண்ணை, நடுவில் ஒரு பிளவு மட்டும் விட்டு, கண்ணாடி போன்ற கொழுப்புப் படலம் மூடியிருக்கும், அதன் உறவினங்கள் பலவற்றில் அப்படலம் நன்கு வளர்ந்திராது. ஒத்த உருவங்களைப் பிரித்தறிய விரும்புகிறவன் எங்கே பார்ப்பது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மீனுக்கு மட்டுமன்று, காருக்கும் பொருந்தும்.

காரின் மேனி பிறக்கும் விதத்தைச் சற்று அறிந்தால் இது விளங்கும். தகட்டுச் சுருள்களாக ஆலைக்கு வந்து சேரும் எஃகு, டை எனப்படும் கனத்த அச்சுகளுக்கிடையே, பல நூறு டன் அழுத்தம் தரும் யந்திரங்களில் நசுங்கிக் கதவாகவும், கூரையாகவும், தரையாகவும் உருப்பெறுகிறது. ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி அச்சு. அதைக் கடைந்தெடுக்கப் பெருந்தனமும் நெடுங்காலமும் வேண்டும். எலும்புக்கூட்டில் கை வைத்தாலோ, மோதலில் பிரயாணிகளைக் காக்குமா என்ற சோதனையையும் புதிதாகத் தொடங்க வேண்டும். முன்பக்கத்துக் கிரில்லும் பம்பரும் அவ்வாறல்ல. பெரும்பாலும் பிளாஸ்டிக்கில் வார்க்கப்படும் அவற்றைக் குறைந்த செலவில் மாற்றிவிடலாம். ஆகவே ஒரே வண்டியை இரண்டு பெயர்களில் விற்க விரும்புகிறவர்கள் முகத்தை மாற்றி, உடலைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள்.

நான் கண்ட இரட்டையர் இவ்விதியின் பிரத்தியட்சச் சான்றுகள். 2010 இல் வந்த நிஸ்ஸான் மைக்ராவும், 2012 இல் வந்த ரெனால்ட் பல்ஸும் சென்னையை அடுத்த ஒரகடத்தில் ஒரே ஆலையில் உருவானவை. தமிழ்நாட்டில் பழகிய வண்டியை மெக்ஸிகோவில் காண நேர்ந்த பிரயாணி இன்னும் அதிகமாக வியந்திருப்பார்: 1998 இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொடங்கிய ஆலையிலிருந்து சான்ட்ரோ என்ற பெயரில் நம் வீதிகளை நிறைத்த அந்த உயரக் கூரை வண்டி, அங்கே அமெரிக்க டாட்ஜ் கம்பெனியின் பெயரைத் தாங்கி டாட்ஜ் அடோஸ் ஆகவும், இங்கிலாந்தில் அமிக்கா ஆகவும் நாமகரணம் பெற்றிருந்தது.

இவர்களுக்கு மூத்த தலைமுறை ஒன்றுண்டு. அது உரிமத்தால் பிறந்தது. பழவேற்காட்டிலிருந்து பக்கிங்ஹாம் கால்வாயின் போக்கிலேயே தெற்கு நோக்கிச் சென்றால் வரும் எண்ணூரில், ரகுநந்தன் சரண் 1948 இல் நிறுவிய அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் லாங்பிரிட்ஜில் உருவான ஆஸ்டின் ஏ40 காரை உதிரிப் பாகங்களாகத் தருவித்துப் பூட்டத் தொடங்கிற்று. அடுத்த சில ஆண்டுகளில் அதே ஆஸ்டின் கம்பெனியோடு உடன்படிக்கை செய்துகொண்டு, அதே ஏ40 வரிசைக் காரை ஜப்பானில் பூட்டியது யார் தெரியுமா? நிஸ்ஸான்! எண்ணூர் ஆலை 1955 இல் அசோக் லேலண்டாகி லாரிக்கும் பஸ்ஸுக்கும் திரும்பிவிட்டது. ஜப்பானியரோ பாகங்களை ஒவ்வொன்றாகத் தம் நாட்டிலேயே செய்யப் பழகி, கற்ற வித்தையைச் சொந்த முதலாக்கிக்கொண்டார்கள். ஏறத்தாழ அறுபது வருஷங்கள் கழித்து, ஒரகடத்து மைக்ராக்கள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது அந்த எண்ணூர்க் கடற்கரையின் துறைமுகத்திலிருந்துதான்.

இங்கிலாந்தில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையைக் காண்கிற நம்மவர் 'அம்பாஸடர்!' என்று கூவுவதும் இத்தகைய உரிமத்தால்தான். அதன் தாயகத்தில் 1959 இல் மறைந்த அவ்வுருவம் வங்காளத்து உத்தரபாராவில் 2014 வரை நீடித்தது. உரிமம் பெற்ற பிள்ளை தாயை அப்படியே உரித்து வைத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, தன் ஆங்கிலத் தாய்க்கு இல்லாத நான்கு கதவுகளைப் பின்னாளில் பெற்றது. 1970 இல் ரஷ்யாவின் தோல்யாத்தி நகரில் பிறந்த லாடா இத்தாலிய ஃபியட் 124 இன் வாரிசு. அந்நாட்டுப் பாதைகளுக்கு ஏற்ப அதன் தகடு தடித்தது, வயிறு தரையிலிருந்து உயர்ந்தது. 1985 இல் பம்பாயிலிருந்து வந்த பிரீமியர் 118 என்.இ. அதே ஃபியட்டின் உடலுக்குள் ஒரு நிஸ்ஸான் எஞ்சினை ஏற்றுக்கொண்டது. மாஸ்கோ வீதியில் லாடாவைக் கண்ட தமிழர் ஊர் நினைவு கொண்டிருந்தால், அது வெறும் பிரமை அன்று, ரத்த பந்தம்.

இனி மூன்றாவது ஜாதி: அனுமதியின்றிப் பிறக்கும் போலி. இங்கே விதி தலைகீழாகிறது. இரட்டையர் முகத்தால் வேறுபட்டு உடலால் ஒன்றுபடுவார்கள். போலியோ முகத்தால் ஒன்றுபட்டு உடலால் வேறுபடுவது வழக்கம். அசலின் அச்சுகள் போலி செய்பவன் கையில் இல்லை. இருப்பது அசலின் தோற்றம் மட்டுமே. சீனாவின் லேண்ட்விண்ட் எக்ஸ்7, ரேஞ்ச் ரோவர் இவோக்கின் சாயலை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு விலைக்கு விற்றது. சாதாரணமாக உள்ளூர்க் கம்பெனிகளின் பக்கமே சாயும் என்று பேசப்பட்ட நியாயஸ்தலங்களுள் ஒன்றான பெய்ஜிங் நீதிமன்றம், இவோக்கின் ஐந்து தனி அம்சங்கள் நகலெடுக்கப்பட்டன என்று 2019 இல் தீர்ப்பளித்து, விற்பனையை நிறுத்தச் சொல்லிற்று. விதிவிலக்கும் இல்லாமலில்லை: செரி கம்பெனியின் க்யூக்யூ, நம் ஊரிலும் ஓடிய டேவூ மாட்டிஸைப் பின்பற்றியது என்றும், ஒன்றின் கதவை மற்றதில் மாட்டிவிடலாம் என்றும் ஜெனரல் மோட்டார்ஸ் குற்றம் சாட்டியது, வழக்கு 2005 இல் சமரசத்தில் முடிந்தது.

ஆகவே அயல்நாட்டு வீதியில் பழகிய சாயலொன்றைக் கண்டு திகைக்கும் பிரயாணி, சின்னத்தையும் கிரில்லையும் சற்று மறந்துவிட்டுப் பக்கவாட்டுக்குச் செல்லட்டும். கதவின் விளிம்பும், கண்ணாடியின் மூலையும், சக்கரங்களுக்கிடையே உள்ள தூரமும் ஒத்திருந்தால் பெரும்பாலும் உறவு. அவை வேறாகி, முகம் மட்டும் ஒத்திருந்தால் பெரும்பாலும் வேஷம்.

படகு வந்தது. துடுப்பு போட்டுக் கரையை விட்டு விலகுகையில் திரும்பிப் பார்த்தேன். முதலில் சின்னங்கள் மறைந்தன. பிறகு கிரில்களின் வித்தியாசம் மறைந்தது. ஏரியின் பாதி தூரத்தில், வெயிலில் நின்ற அவ்விரண்டு கார்களில் எது நிஸ்ஸான், எது ரெனால்ட் என்று சொல்ல என்னால் முடியவில்லை.