வாயில் பறி... கையில் இறால்!

எண்ணூர் முகத்துவாரம். காலை ஆறு மணி. மார்பளவுத் தண்ணீரில் ஒரு பாட்டி. வாயில் கவ்விய ஓலைப் பறி. கை இரண்டும் சேற்றுக்குள். ஒரு துழாவு... இறால்! வலை, தூண்டில், படகு எதுவும் கிடையாது.

கரையேறியதும், "பல்லு வலிக்காதா ஆயா?" என்றேன்.

"பல்லு கெடக்குது கண்ணு. முன்னெல்லாம் சேத்துல கைய வெச்சா இறாலு துள்ளும். இப்ப சாம்பலுதான் வருது."

இருளர் என்றால் பாம்பு பிடிப்பவர்கள் என்றுதானே நமக்குத் தெரியும்? ஆற்றை நம்பிப் பிழைக்கிற இருளர்களும் உண்டு. பாட்டி சொன்ன சாம்பல், அனல் மின் நிலையக் குழாய் கசிந்து கொசஸ்தலை ஆற்றில் படிந்த நிலக்கரிச் சாம்பல்.

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர், 'பாடு' என்ற ஏற்பாட்டைச் சொன்னார்.

"இன்னிக்கு எங்க மொறைன்னா நாளிக்கு அடுத்த குப்பம் சார். மீறுனா ஊர்ப் பஞ்சாயத்துல ஃபைனு!"

போலீஸ் இல்லை, கோர்ட் இல்லை. பழவேற்காடு ஏரியிலும் இப்படித்தான். தண்ணீருக்கென்றே ஒரு சர்க்கார்! (பாடு மீனவ சாதிக்குள்தான், இருளருக்கு அதில் பங்கில்லை. அது தனிக்கதை.)

இந்த இடத்துக்குத்தான் 2001-ல் எண்ணூர் துறைமுகமும், 2013-ல் காட்டுப்பள்ளி துறைமுகமும் வந்தன. நிலக்கரி இறங்குகிறது, கார்கள் ஏற்றுமதியாகின்றன. பழங்குடிகளின் நிலத்தையும் நீரையும் தொடும் திட்டம் என்றால், முதலில் விளக்கிச் சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும் என்கிறது 2007-ன் ஐ.நா. பிரகடனம். இந்தியாவும் ஆதரித்து ஓட்டுப் போட்டது. போட்டது நியூயார்க்கில். எண்ணூருக்கு அந்த லெட்டர் இன்னும் டெலிவரி ஆகவில்லை!

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெயும் வந்தது. மீனவர்களே பக்கெட்டால் அள்ளினார்கள். 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும் அரசு அறிவித்தது. படகுக்கு ரேட் போட்டாயிற்று. படகே இல்லாத கைக்கு?

"கையில ஒட்டுன ஆயிலு போவவே இல்ல கண்ணு. சோத்துல கைய வெச்சா அதே நாத்தம்" என்றார் பாட்டி.

"துறைமுகம் கட்டறப்ப உங்களை யாராவது கேட்டாங்களா ஆயா?"

சிரித்தார்.

"எங்கள எதுக்குக் கேக்கப்போறாங்க? கேட்டிருந்தா, எங்க ஆழம், எங்க இறாலு வளரும்னு காட்டியிருப்பமில்ல... சரி கண்ணு, தண்ணி ஏறுது."

பறியை மறுபடி வாயில் கவ்விக்கொண்டு இறங்கிவிட்டார்.