முறிந்த ஹீற்றர் பிளக்: அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம்

பல வருடங்கள் நின்றுபோன வாகனத்தை மீண்டும் ஓட வைப்பது, ஊர் திரும்பும் பல குடும்பங்களுக்கு முதல் வேலைகளில் ஒன்று. வான் ஓடினால் வாடகை ஓட்டம் கிடைக்கும். நான்கு சில்லு உழவு இயந்திரம் ஓடினால் காலபோகத்துக்கு உங்கள் வயலையும் அயலவர் வயலையும் உழலாம். இப்படி நின்ற டீசல் எஞ்சின்களில் அடிக்கடி வரும் சிக்கல், ஹீற்றர் பிளக் கழற்றும்போது முறிந்துபோவது. அது சிறிய பாகம்தான். ஆனால் அதைப் பிழையாகக் கழற்றினால் சிலிண்டர் ஹெட்டே பழுதாகி, வாழ்வாதார உதவியாகக் கிடைத்த பணம் அதற்கே போய்விடக்கூடும்.

வாகனம் நீங்கள் விட்டுப்போன இடத்திலேயே பற்றைக்குள் நிற்கிறது என்றால், அந்தக் காணி கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்திய பின்னரே கிட்டப் போங்கள். விடுவிக்கப்பட்ட காணியிலும், ஆசனத்துக்கு அடியிலோ எஞ்சின் பக்கமோ என்னவென்று தெரியாத பொருள் கிடந்தால் தொட வேண்டாம். வந்த வழியே திரும்பிச் சென்று அறிவியுங்கள்.

ஹீற்றர் பிளக் என்பது விரல் நீளமான ஒரு கம்பி. அதன் நுனிக்குள் இருக்கும் சுருள், பற்றரியின் மின்சாரத்தில் சில விநாடிகளில் சிவக்கச் சூடாகும். குளிர்ந்த எஞ்சினுக்குள் டீசல் பற்றிக்கொள்ள அந்தச் சூடு உதவுகிறது. எஞ்சின் சூடானபின் அதற்கு வேலை இல்லை. எல்லா எஞ்சினிலும் இது இருக்காது. கைபிடியால் சுற்றிக் கிளப்பும் ஒற்றைச் சிலிண்டர் லான்ட்மாஸ்டர்களில் பெரும்பாலும் கிடையாது. மூன்று சிலிண்டர் மாஸி பேர்குசன் 135 போன்றவற்றில் காற்று உள்ளே போகும் குழாயில் ஒரேயொரு சூடாக்கி மட்டும் இருக்கும். டீசல் வான்கள், சிறிய ஜப்பான் உழவு இயந்திரங்கள் ஆகியவற்றில்தான் ஒரு சிலிண்டருக்கு ஒன்றாக ஹெட்டுக்குள் திருகப்பட்டிருக்கும்.

உண்மையில் அதுதான் பழுதா?

காலையில் கிளப்பும்போது வெள்ளைப் புகை வந்து, எஞ்சின் அரை நிமிடம் நடுங்கி, பிறகு சரியாகிவிட்டால் ஒரு பிளக் செத்திருக்கலாம். எல்லாப் பிளக்குகளையும் இணைக்கும் தகட்டைக் கழற்றுங்கள். 12 வோல்ற் பல்ப் ஒன்றின் ஒரு வயரை பற்றரியின் நேர்முனையிலும் மற்ற வயரைப் பிளக்கின் தலையிலும் பிடியுங்கள். பல்ப் எரிந்தால் உள்ளே சுருள் அறுந்துபோகவில்லை. எரியாவிட்டால் அறுந்துவிட்டது. பிளக்கைக் கழற்றாமலே செய்யக்கூடிய சோதனை இது. பழுதில்லாத பிளக்கைச் சும்மா கழற்றிப் பார்க்கப்போய் முறித்துக்கொள்பவர்களே அதிகம்.

செத்த பிளக் ஒன்று ஹெட்டில் அப்படியே இருந்தால் எஞ்சினுக்குக் கேடில்லை. வன்னியின் வெப்பத்தில், நாலில் மூன்று பிளக் வேலை செய்தாலே பல எஞ்சின்கள் கிளம்பிவிடும். உழவு நேரம் நெருங்கியிருந்தால் அதை விட்டுவிட்டு உழுங்கள். போகம் முடிந்தபின் பார்க்கலாம். ஆனால் எஞ்சின் கிளம்பவில்லையென்று காற்றுக் குழாய் வாயில் பெற்றோல் நனைத்த துணியைப் பிடிப்பதும், கிளப்பும் ஸ்பிரே அடிப்பதும் வேண்டாம். சிவந்திருக்கும் பிளக்கில் அந்த ஆவி பட்டால் குழாயிலேயே தீப்பிடிக்கும். முகம் கருகும், பிஸ்டனும் உடையலாம்.

கழற்றத்தான் வேண்டுமென்றால்

நுனியைச் சுற்றிக் கரி இறுகியிருக்கும். மேலே திரெட்டில் துரு ஏறியிருக்கும். இரண்டும் சேர்ந்து பிடிப்பதால்தான் முறிகிறது. சுற்றியுள்ள மண்ணைத் தூரிகையால் துடைத்து, துரு இளக்கும் எண்ணெயைப் பிளக்கின் அடியில் விடுங்கள். ஒருநாள் விட்டுவிட்டுத் திருகப் பார்ப்பதில் பயனில்லை. காலையும் மாலையுமாக மூன்று, நான்கு நாள் விடுங்கள். எஞ்சின் ஓடுமென்றால் நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டு நிறுத்தி, சூடு ஆறுமுன் கழற்றுங்கள்.

10 மில்லிமீற்றர் திரெட் உள்ள பிளக் சுமார் 35 நியூட்டன் மீற்றர் முறுக்கில் முறிந்துவிடும். ஒரு சாண் நீளமான ஸ்பனரின் நுனியில் ஏறக்குறைய 16 கிலோ பாரத்தைத் தொங்கவிட்டது போன்ற விசைதான் அது. ஸ்பனரில் குழாய் மாட்டி நீட்டினால் நீங்கள் உணருமுன்னரே அந்த அளவைத் தாண்டிவிடும். குட்டை ஸ்பனரைப் பிடியுங்கள். கால் சுற்று இளகினால் திரும்ப இறுக்குங்கள், எண்ணெய் விடுங்கள், மறுபடியும் இளக்குங்கள். கிறீச்சிடும் சத்தம் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஸ்பனர் றப்பர் போல இழுபட்டுப் பிளக் திரும்பாமல் நின்றால் அது முறுகிக்கொண்டிருக்கிறது. அந்த நாளின் வேலை அதோடு முடிந்தது.

முறிந்துவிட்டால்

எங்கே முறிந்தது என்பதைப் பொறுத்தே அடுத்த வேலை. வயர் மாட்டும் தலை மட்டும் போயிருந்தால் அது செத்த பிளக் மாதிரித்தான், ஓடலாம். ஸ்பனர் பிடிக்கும் அறுகோணப் பகுதியே கழன்று வந்து, திரெட் ஹெட்டுக்குள் இருந்துவிட்டால் எஞ்சினைக் கிளப்ப வேண்டாம். உள்ளே மிஞ்சியிருக்கும் கம்பி அழுத்தத்தில் துப்பாக்கிக் குண்டு போல வெளியே பாயலாம். பிளக் வெளியே வந்து அதன் நுனி மட்டும் உள்ளே நின்றுபோனால் ஸ்ராற்றரைத் தொடவே வேண்டாம். அந்தத் துண்டு சிலிண்டருக்குள் விழுந்து பிஸ்டனை அடிக்கும். காந்தத்தால் எடுத்துவிடலாம் என்று சொல்வார்கள். ஆனால் நுனியின் உறை பெரும்பாலும் நிக்கல் கலந்த உலோகம், காந்தம் பிடிக்காது.

இந்தக் கடைசி இரண்டு நிலைகளிலும் வேலை உங்களுடையதல்ல, அனுபவமுள்ள திருத்துநருடையது. ஆனால் அவர் என்ன செய்யப்போகிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மிஞ்சிய துண்டு மேலே தெரிந்தால் அதில் ஒரு நட்டை வெல்ட் பண்ணித் திருகி எடுக்கலாம். வெல்டிங்கின் சூடே பாதி இளக்கிவிடும். வெல்ட் பண்ணுமுன் பற்றரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள். துண்டு உள்ளே புதைந்திருந்தால் நடுக் கம்பியை உருவி எடுத்துவிட்டு, சிறிய துளைக்கம்பியில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்கித் துளைக்க வேண்டும். துளை நடுவிலிருந்து சற்று விலகினாலும் ஹெட்டின் திரெட் போய்விடும். அலுமினிய ஹெட் என்றால் இன்னும் எளிதாக. துளைக்கம்பியில் கிறீஸ் பூசினால் இரும்புத்தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். அப்படியும் கொஞ்சம் உள்ளே விழும். அதனால் முடிந்ததும் இன்ஜெக்ரரைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுற்றி, தூள் வெளியே பறக்கவிட வேண்டும். அந்த நேரம் யாரும் துளைக்கு நேரே நிற்கக்கூடாது. பிள்ளைகளை அப்பால் அனுப்புங்கள்.

அதுவும் சரிவராவிட்டால் ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோவதுதான் வழி. அப்போது புதிய ஹெட் காஸ்கற்றும் வேண்டும். ஆகவே வேலை தொடங்குமுன்னரே கூலி எவ்வளவு, துளைக்கும்போது ஹெட் பழுதானால் செலவு யாருடையது என்று பேசி, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர், சொந்தக்காரர் என்றாலும் எழுதுங்கள். கழற்றிய பழைய துண்டுகளைத் திருப்பித் தரச் சொல்லி, நுனி முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள்.

புதிய பிளக் வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள். நீளம், திரெட், வோல்ற் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். நீளம் கூடினால் உள்ளே முட்டும். 12 வோல்ற் வாகனத்திலும் சிலவற்றுக்கு 11 வோல்ற் பிளக் போடுவார்கள். அதனால் பழையதில் பொறித்திருப்பதைப் பார்த்தே கேளுங்கள். துளைக்குள் இருக்கும் கரியைச் சுரண்டி எடுத்துவிட்டு, திரெட்டில் மட்டும் சூடு தாங்கும் கிறீஸ் கொஞ்சம் பூசி, கையால் கடைசிவரை திருகுங்கள். கையால் போகாவிட்டால் திரெட் பிசகியிருக்கிறது. வெளியே எடுத்துத் திரும்பவும் வையுங்கள். பிறகு குட்டை ஸ்பனரால் இறுக்குங்கள். 10 மில்லிமீற்றர் பிளக்குக்கு 15 நியூட்டன் மீற்றர் அளவு போதும், அதாவது முறியும் விசையில் பாதிக்கும் குறைவு. துடைத்த எண்ணெய்த் துணிகளையும் கழிவு எண்ணெயையும் கிணற்றுப் பக்கம் போடாமல், மூடியுள்ள ஒரு கானில் சேர்த்துக் கராச்சில் கொடுத்துவிடுங்கள்.