கரடியின் எதிரே ஒரு கைத்துப்பாக்கி

அலாஸ்காவில் சாமன் மீன்கள் ஏறிவரும் ஓடைகளை நாடி இறங்கும் பழுப்புக் கரடி, ஆணாயின் சில வேளை 500 கிலோவுக்கு மேலும் எடை கொள்ளும் ஜந்து. அதைக் கைத்துப்பாக்கியால் வேட்டையாடத் துணிகிறவன் முதலில் ஆராய வேண்டியது, துப்பாக்கியின் அழகையன்று, தோட்டாவின் வல்லமையையே. ஐடஹோவில் வாழ்ந்த எல்மர் கீத் என்னும் வேட்டைக்காரர், .44 ஸ்பெஷல் தோட்டாவில் மருந்தை மிகுத்துப் பல்லாண்டுகள் பரீட்சித்து, கம்பெனிகளிடம் சலியாது வாதாடியதன் பலனாகவே 1955-இல் .44 மேக்னம் பிறந்தது. அதன் குண்டு சுமார் 15.5 கிராம், வேகமோ விநாடிக்கு 400 மீட்டர்.

ஆயினும் வேகம் மட்டும் போதாது. மானுக்கு உகந்த, உடலுள் புகுந்ததும் மலர்ந்து விரியும் மென்முனைக் குண்டு, கரடியின் தடித்த கொழுப்பிலும் தோளெலும்பிலும் சக்தியிழந்து, இருதயத்தை எட்டுமுன்னரே நின்றுவிடக்கூடும். ஆதலால் அநுபவசாலிகள், ஈயத்தோடு ஆண்டிமனி கலந்து வார்த்த, முகம் தட்டையான கடினக் குண்டையே நாடுகின்றனர். 2003-இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் .500 மேக்னம் தோட்டா .44 மேக்னத்தினும் இரு மடங்குக்கு மேல் உக்கிரமானது. ஆனால் அதன் உதைப்பு மணிக்கட்டை உலுக்கி, இரண்டாம் சூட்டைத் தாமதிக்கச் செய்யுமானால், அவ்வளவு சக்தியால் என்ன பிரயோஜனம்? கை நடுங்காமல் குறி வைக்கக்கூடிய .44-ஐயே நான் சிபாரிசு செய்வேன். அதையும் 50 மீட்டருக்குள், ரைபிள் ஏந்திய வழிகாட்டி பக்கத்தில் நிற்க.