நல்வாவை நாடும்...

"தங்கள் நல்வாவை நாடும்..."

தங்கையின் கல்யாணப் பத்திரிகையைக் கையில் வாங்கிய மாமா, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு இப்படித்தான் உரக்கப் படித்தார். "ஏண்டா, வௌவாலையா நாடறீங்க?"

பகீரென்றது! 400 பத்திரிகையிலும் 'நல்வரவை'யில் இருந்த 'ர'வுக்கு அடியில் வால் இல்லை. வால் போனால் 'ர' வெறும் துணைக்கால்தானே! அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "சம்பந்தி வீட்டுக்கு இதை எந்த முகத்தோட கொடுக்கறது?"

அச்சகத்தின் மேல் தப்பு இல்லை சார். எழுத்தைப் பொறுக்கியது அடியேன். 'வோக்' பத்திரிகை அட்டையில் பார்த்திருப்பீர்களே... ஒரு கோடு தூண் மாதிரி தடி, அடுத்தது தலைமுடி மாதிரி மெலிசு, முனையில் ஊசிப் பாதம். இத்தாலியில் பொடோனியும் பாரிஸில் டிடோ குடும்பமும் 18-ம் நூற்றாண்டின் கடைசியில் கொண்டுவந்த மோஸ்தர் அது. அதே ஜாடையில் ஒரு தமிழ் ஃபாண்ட் மாட்டியது. 'திருமண அழைப்பிதழ்' என்று தலைப்பில் போட்டேன். ஜம்மென்று உட்கார்ந்தது. விட்டிருக்கலாம். அந்த ஜோரில் அடிவரி வரை அதையே போட்டுத் தொலைத்தேன். கம்ப்யூட்டரில் பெரிசாக்கிப் பார்த்தபோது வால் இருந்ததே! சொரசொர அட்டையில், 8 பாயிண்ட்டில் எங்கே நிற்கும்?

என் ஆபீஸ் தரமணியில். மனசு கேட்காமல் ஒருநாள் அங்கேயே இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போனேன். கோட்டையூர் முத்தையா சேர்த்த புத்தகங்களும் பத்திரிகைகளும் சுமார் ஒரு லட்சம். அவர் தொழில் என்ன தெரியுமோ? போர்டு எழுதுகிற ஆர்ட்டிஸ்ட்! 1992-ல் அவர் மறைந்த பிறகு, 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தனையையும் வாங்கி உருவாக்கிய நூலகம் இது.

பழைய வாரப் பத்திரிகைகளைப் புரட்டினேன். கதைத் தலைப்புகளை ஓவியர்கள் தூரிகையால் தடித்தும் மெலிந்தும் விளையாடியிருக்கிறார்கள். கீழே கதை மட்டும் சமர்த்தான ஈய எழுத்தில்!

அந்தக் காலத்தில் ஒவ்வொரு அளவுக்கும் எழுத்தைத் தனியாக வெட்டி வார்க்கவேண்டும். சின்ன அளவை வெட்டுகிறவர் மெல்லிய கோட்டுக்குக் கொஞ்சம் சதை போடுவார், மை அடைக்காமலிருக்கச் சுழியை அகலமாக்குவார். கம்ப்யூட்டரோ ஒரே படத்தை அப்படியே சுருக்குகிறது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் 'ஹார்ப்பர்ஸ் பஜார்' பத்திரிகைக்காக ஜோனதன் ஹோஃப்லர் டிடோ எழுத்தைப் புதிதாக வரைந்தபோது, ஏழு அளவுகளுக்கு ஏழு விதமாக வரைந்தார். தமிழில் இதற்கு அவசியம் இன்னும் அதிகம். 'எ', 'ஏ' ஆவதும் 'ர', கால் ஆகாமல் பிழைப்பதும் ஒரு துளிக் கோட்டை நம்பித்தானே!

இந்த ஞானமெல்லாம் பிற்பாடு வந்தது. அன்று ராத்திரி எனக்குக் கிடைத்தது ஒரு கறுப்புப் பேனா. கல்யாணப் பெண் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு 'ர'வுக்கும் வால் வரைந்தோம். முடிக்கும்போது மணி இரண்டு.

399-தான் இருந்தது. மாமாவிடம் போனதைத் திருப்பிக் கேட்டோம். தரமாட்டேன் என்றுவிட்டார்.