ரசம் பூசக் காத்திருக்கும் ஆடிகள்

புது தில்லி: அறிவியல் மனப்பான்மையையும் ஆராய்ந்தறியும் உணர்வையும் வளர்த்துக்கொள்வது ஒவ்வொரு குடிமகனின் அடிப்படைக் கடமை என்கிறது அரசியல் சாசனத்தின் 51ஏ (எச்) பிரிவு. 1976-ஆம் ஆண்டு 42-ஆவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட இந்தக் கடமையை ஆற்ற முன்வரும் குடிமகனுக்கு அரசு என்ன வசதி செய்து தருகிறது என்ற கேள்வி நாடாளுமன்றத்தில் எப்போதாவதுதான் எழுகிறது. சொந்தமாகத் தொலைநோக்கி செய்ய முனையும் வானியல் ஆர்வலர்களைக் கேட்டால் இதற்கு ஓரளவு விடை கிடைக்கும்.

1944-இல் புணேயில் தொடங்கப்பட்ட ஜோதிர்வித்யா பரிசன்ஸ்தா முதல் இன்றைய கல்லூரி மன்றங்கள் வரை, நாடெங்கும் ஆர்வலர் அமைப்புகள் உள்ளன. இவர்களில் சிலர் ஆறு அங்குல, எட்டு அங்குலக் கண்ணாடி வட்டுகளைச் சிலிக்கன் கார்பைடு தூளும் நீரும் இட்டுக் கையாலேயே தேய்த்துக் குழிவாக்குகிறார்கள். பிறகு சீரியம் ஆக்சைடு கொண்டு மெருகேற்றுகிறார்கள். மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியம் தேவைப்படும் இந்த வேலைக்குப் பொறுமையே முதலீடு. வீட்டு மாடியில் செய்து முடித்துவிடலாம்.

ஆனால், அந்தக் கண்ணாடி இன்னும் தொலைநோக்கியின் ஆடியாகிவிடவில்லை. வெறும் கண்ணாடிப் பரப்பு தன் மீது விழும் ஒளியில் 4 சதவீதத்தையே திருப்பி அனுப்பும். ரசம் பூசினால்தான் அது விண்மீனைக் காட்டும்.

வெள்ளியிலிருந்து அலுமினியத்துக்கு...

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கண்ணாடி மீது வெள்ளிப் பூச்சு பூசும் முறை பரவியது. வெள்ளி நன்றாக ஒளிர்ந்தாலும் விரைவில் கறுத்துவிடும். 1930-களில் அமெரிக்க இயற்பியலாளர் ஜான் ஸ்ட்ராங், வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கி ஆடியின் மீது படிய வைக்கும் முறையைப் பெரிய தொலைநோக்கிகளுக்குக் கொண்டுவந்தார். வில்சன் மலையின் 100 அங்குல ஆடி 1935-இல் அவ்வாறே பூசப்பட்டது.

இன்றும் முறை அதுதான். பழைய பூச்சு இருந்தால் அதைக் கரைத்து நீக்கி, ஆடியை மாசு மருவின்றிக் கழுவ வேண்டும். ஒரு விரல் ரேகை பட்டிருந்தாலும் பூச்சு உரிந்துவிடும். பிறகு கலனுக்குள் வைத்துக் காற்றை வளிமண்டல அழுத்தத்தில் பல கோடியில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். டங்ஸ்டன் இழையில் உருகி ஆவியாகும் அலுமினியம், சுமார் 100 நானோமீட்டர் தடிமனில் படிகிறது. அதன் மேல் சிலிக்கன் மோனாக்சைடு பாதுகாப்புப் படலம் இடுவதும் உண்டு.

சாதாரணப் பூச்சு ஏறத்தாழ 88 சதவீத ஒளியைத் திருப்பும். நியூட்டன் வகைத் தொலைநோக்கியில் இரண்டு ஆடிகள் இருப்பதால் கடைசியில் கண்ணுக்கு வருவது 77 சதவீதமே. மின்கடத்தாப் பொருள்களின் படலங்களைச் சேர்த்து 96 சதவீதமாக உயர்த்தினால் 92 சதவீதம் கிடைக்கும். மும்பை, சென்னை போன்ற கடலோர நகரங்களில் உப்புக் காற்றும் ஈரமும் பூச்சை விரைவில் கெடுத்துவிடும். எனவே இது ஒரே முறையோடு முடிகிற செலவன்று.

வில்லைகளின் சிக்கல்

வில்லைத் தொலைநோக்கியில் சிக்கல் நேர்மாறானது. அங்கே ஒளி திரும்பாமல் உள்ளே செல்ல வேண்டும். பூச்சில்லாத ஒவ்வொரு பரப்பும் 4 சதவீத ஒளியை வீணாக்கும். முகப்பு வில்லையும் கண்ணருகு வில்லையும் சேர்ந்து எட்டுப் பரப்புகள் இருந்தால் இழப்பு 28 சதவீதம். ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935-இல் உருவாக்கிய எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு இதற்குத் தீர்வானது. மக்னீசியம் ஃபுளூரைடின் ஒற்றைப் படலமே அந்த இழப்பைச் சுமார் 11 சதவீதமாகக் குறைத்துவிடும். ஆனால் படலம் கெட்டிப்பட வில்லையைச் சுமார் 300 டிகிரி வரை சூடாக்க வேண்டும். ஒட்டப்பட்ட வில்லைகள் இதைத் தாங்கா. அலுமினியப் பூச்சைவிட இது கடினமான வேலை.

கலன்கள் எங்கே?

நம் நாட்டில் தொழில்நுட்பத்துக்குக் குறைவில்லை. வாணியம்பாடிக்கு அருகே காவலூரில் 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கிக்கு அங்கேயே பூச்சுக் கலன் உண்டு. நைனிடால் அருகே தேவஸ்தலத்தில் 2016-இல் இயக்கிவைக்கப்பட்ட 3.6 மீட்டர் தொலைநோக்கிக்கான கலனைப் பெங்களூர் நிறுவனமே செய்து கொடுத்தது. அவ்வளவு பெரிய ஆடியைப் பூசத் தெரிந்த நாட்டில், ஆறு அங்குல ஆடியோடு நிற்கும் மாணவன் யாரிடம் போவது என்பதுதான் கேள்வி. தனியார் கூடங்களுக்கு ஒற்றை ஆடிக்காகக் கலனை இயக்குவது கட்டுப்படியாகாது. அறிமுகம் உள்ளவர்களுக்கு ஆய்வுக்கூடத்தின் கதவு திறக்கலாம். அறிமுகம் இல்லாதவர்களின் ஆடி காகிதத்தில் சுற்றியபடி அலமாரியில் கிடக்கும்.

2004-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது நாடெங்கும் மக்களைத் திரட்டிய விஞ்ஞான் பிரசார் அமைப்பு 2023-இல் மூடப்பட்டது. அதே ஆண்டு, ஐந்தாண்டுகளில் ரூ. 50,000 கோடி என்ற இலக்குடன் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இந்தத் தொகைக்கு முன் ஆர்வலர்களின் தேவை மிகச் சிறியது. மண்டலத்துக்கு ஒரு சிறிய கலன், ஆண்டுக்கு நான்கு முறை அறிவிக்கப்பட்ட நாள்கள், அனைவருக்கும் ஒரே கட்டணம், தபாலில் அனுப்பிப் பெறும் வசதி ஆகியவையே போதும். பல ஆடிகளை ஒன்றாக வைத்துப் பூசினால் செலவும் குறையும்.

அறிவுத் தேடலைக் கடமையாக எழுதி வைத்த அரசு, அதற்கான கருவி கடைசிப் படியில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதும் கடமையே. எந்த அவையிலாவது ஓர் உறுப்பினர் இதைத் துணைக் கேள்வியாகவேனும் எழுப்பினால் நல்லது.