மாட்டுக்கு இருந்த இன்ஷூரன்ஸ் பூனைக்கும் வந்தது

பெங்களூர் ஒக்கலிபுரத்தில் பூனை என்பது நெடுங்காலம் தெருவுக்குப் பொதுவானது. சிட்டி ரயில் நிலையத்துக்கும் ஸ்ரீராமபுரத்துக்கும் நடுவே, தண்டவாளங்களை ஒட்டி வளர்ந்த குடியிருப்பு இது. பின்னி மில், மினர்வா மில், ராஜா மில் என்று சுற்றுவட்டாரத்தில் ஆலைச் சங்கு ஒலித்த காலத்தில், வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்துப் பக்கமிருந்தும் வந்த தமிழ்க் குடும்பங்கள் ஒண்டுக் குடித்தன வரிசைகளில் வாழ்ந்தன. வரிசைக்கு ஒரு பூனையாவது இருக்கும். யார் வீட்டுப் பூனை என்று கேட்டால் ஒருவரும் உரிமை கொண்டாட மாட்டார்கள். ரேஷன் அரிசியை எலி தொடாமல் காப்பது அதன் வேலை; மீன் தலையும் வாலும் அதன் கூலி. குட்டி போட்டால் ஏழு வீடு மாற்றும் என்பார்கள். ஏழாவது வீடு போய்ச் சேரும்போது நான்கில் இரண்டு குட்டிதான் மிஞ்சியிருக்கும். மற்ற இரண்டும் எப்படிப் போயின என்று யாரும் விசாரித்ததில்லை.

எலிக்கும் பூனைக்கும் இந்த ஊரில் ஒரு தனி வரலாறு உண்டு. 1898 ஆகஸ்டில் பெங்களூருக்குப் பிளேக் வந்தது, அதுவும் ரயில் வழியாக, ஹூப்ளிப் பக்கமிருந்து. நெரிசலான பேட்டைத் தெருக்களை விட்டு மக்கள் வெளியேற, மல்லேஸ்வரமும் பசவனகுடியும் அந்த வேகத்தில் நிறைந்தன. பிளேக் மாரியம்மன் கோயில்கள் அப்போது எழுந்தவை. நோயை எலியும் தெள்ளுப்பூச்சியும் பரப்புகின்றன என்பது உறுதியான பிறகு, பூனைக்குத் திடீர் மரியாதை கிடைத்தது. விதர்பாப் பக்கம் பணியாற்றிய ஆண்ட்ரூ புக்கானன் என்ற இந்திய மருத்துவப் பணி அதிகாரி, பூனைகள் பிளேக்கைத் தடுக்கும் என்று 1908இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரையே எழுதினார். பூனைக்கே பிளேக் தொற்றும், அதனிடமிருந்து மனிதருக்கும் வரும் என்பது பின்னாளில் தெளிவானது. எப்படியிருந்தாலும் அன்று வீட்டைக் காப்பதுதான் பூனையின் பொறுப்பு. அதைக் காக்க யாரும் இருக்கவில்லை.

விலங்குக்கு இன்ஷூரன்ஸ் என்ற எண்ணம் மில் காலத்திலும் இந்தத் தெருக்களுக்குப் புதிதில்லை. மாட்டுக்கு அது இருந்தது. 1973 முதல் பொதுக் காப்பீடு அரசுக் கம்பெனிகளின் கைக்கு வந்தது. வங்கிக் கடனில் கறவை மாடு வாங்கியவர்கள் அதைக் காப்பீடு செய்தே ஆக வேண்டும் என்ற வழக்கமும் பரவியது. கால்நடை மருத்துவர் வந்து பார்ப்பார், மாட்டின் விலையை மதிப்பிடுவார், காதில் எண் போட்ட வில்லையைக் குத்துவார். மாடு செத்தால் அந்த வில்லையோடு மருத்துவர் சான்றிதழையும் கொடுக்க வேண்டும். வில்லை இல்லையேல் பணம் இல்லை என்பதுதான் விதி. நாய்க்கும் பாலிசி இருந்தது, ஜாதி நாய் வைத்திருந்த பங்களாக்காரர்களுக்கு. இரண்டுமே பெரும்பாலும் சாவுக்கான பாலிசிகள். விலை போகும் உயிருக்குத்தான் அந்தக் கணக்கில் இடம். சந்தை விலை இல்லாத நாட்டுப் பூனையை எந்த ஏஜெண்டும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

இதே தெருக்காரர்களுக்கு இன்னொரு இன்ஷூரன்ஸும் தெரியும். மில் தொழிலாளி கையில் ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்தது. 1948இல் வந்த தொழிலாளர் அரசு இன்ஷூரன்ஸ் சட்டத்தின் கார்டு அது. சம்பளத்தில் சிறு தொகை பிடிப்பார்கள். மனைவிக்குப் பிரசவமோ பிள்ளைக்குக் காய்ச்சலோ வந்தால் ராஜாஜிநகர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் வைத்தியம். அந்தக் கார்டு உயிரோடு இருப்பவரைப் பிழைக்க வைக்கத் தரப்பட்டது. மாட்டின் காது வில்லை செத்த மாட்டுக்கு விலை வாங்கித் தந்தது. இன்று பூனைக்குட்டிக்கு பாலிசி எடுக்க நினைப்பவர் மனதில் முதலில் பதிய வேண்டியது இந்த வேறுபாடுதான்.

மில்கள் போய்விட்டன. ராஜா மில் இருந்த இடத்தில் 2010இல் மந்திரி மால் திறந்தது, 2014இல் சம்பிகே ரோடு மெட்ரோ ஓடத் தொடங்கியது, ரயில் பாதைக்கு அடியில் எட்டு வழிச் சாலைக்காக ஆண்டுக்கணக்கில் தோண்டினார்கள். ஓட்டு வரிசைகள் இருந்த இடத்தில் நாலு மாடி வீடுகள் நிற்கின்றன. பூனை மாடியேறிவிட்டது. கார் அடியில் கத்திக்கொண்டிருந்த குட்டியைக் கல்லூரிப் பெண் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வருகிறாள். மணல் தட்டு வாங்குகிறார்கள், பெயர் வைக்கிறார்கள், இரவில் கட்டிலில் காலடியில் படுக்க விடுகிறார்கள். பூனை தொட்ட பாத்திரத்தை முன்பு புளி போட்டுத் தேய்த்த பாட்டி, அதற்கு மாத்திரை கொடுக்க வாயைத் திறந்து பிடிக்கிறாள். எனக்கு இந்த மாற்றம் பிடித்திருக்கிறது. ஆனால் பொறுப்பும் சேர்ந்தே மாடியேறியிருக்கிறது. அதற்குத் தயாராக இல்லாத வீடுகளைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

அன்று வைத்தியம் என்றால் குயின்ஸ் ரோடு அரசு ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் 1958 முதல் இருக்கும் ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரி. பூனையை அங்கே தூக்கிப்போனவர்கள் மிகச் சிலர். இன்று தனியார் கிளினிக்குகளில் ஸ்கேன் இருக்கிறது, ரத்தப் பரிசோதனை இருக்கிறது, ஆக்சிஜன் கூண்டு இருக்கிறது, நடுநிசியிலும் பார்க்கும் மருத்துவர் இருக்கிறார். முன்பு சாகும் என்று விட்ட குட்டியை இப்போது பிழைக்க வைக்க முடியும். பில் ஆயிரங்களில் தொடங்கும், சில நோய்களில் லட்சத்தைத் தொடும்.

குட்டியின் முதல் ஆண்டுதான் ஆபத்தானது. பூனை பார்வோ என்று கிளினிக்குகளில் சொல்லும் பான்லூகோபீனியா வைரஸ், தடுப்பூசி போடாத குட்டியை இரண்டொரு நாளில் கொண்டுபோய்விடும். காலையில் விளையாடிய குட்டி மாலையில் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடக்கும். இந்த நோயை நேரடியாகக் கொல்லும் மருந்து கிடையாது. சலைன் ஏற்றி, வெள்ளணுக்கள் திரும்பும்வரை தாக்குப்பிடிக்க வைப்பதுதான் வைத்தியம். அதற்குப் பல நாள் அட்மிஷன் வேண்டும். வைரஸோ வீட்டுத் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். முன்பு ஒரு குட்டி செத்த வீட்டுக்குப் புதுக் குட்டி கொண்டுவருபவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டாவதையும் இழக்கிறார்கள்.

மாடி வீடு தரும் ஆபத்து வேறு. புறாவைப் பார்த்துப் பால்கனியிலிருந்து பாயும் பூனைகள். நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்த 132 பூனைகளை ஆராய்ந்து 1987இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில், சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவீதம் பிழைத்தன. பூனைக்கு அடிபடாது என்று இதைப் படித்துவிடக் கூடாது. பிழைத்தவற்றில் எத்தனையோ நெஞ்சுக் காயத்தோடும் உடைந்த தாடையோடும் எலும்போடும் வந்தவை. வைத்தியம் கிடைத்ததால் பிழைத்தன. நாலாவது மாடிப் பால்கனிக்கு வலை அடிப்பது எந்த பாலிசியையும்விட மலிவு. அதை முதலில் செய்யுங்கள்.

காய்ச்சலாக இருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுப்பது இன்னொரு ஆபத்து. டோலோ 650 இந்த ஊர்க் கம்பெனியின் மாத்திரை, எல்லா வீட்டு அலமாரியிலும் இருக்கிறது. பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. ஒரு துண்டே கொன்றுவிடலாம். அடுத்தது, ஆண் பூனைக்கு வரும் சிறுநீர் அடைப்பு. மணல் தட்டில் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருக்கும், ஒரு சொட்டும் வராது. மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு நாள் விட்டுவிட்டால் சிறுநீரகமும் இதயமும் தாங்காது.

எஃப்.ஐ.பி. என்ற நோயில்தான் அன்றும் இன்றும் நேருக்கு நேர் நிற்கின்றன. இளம் பூனைகளைத் தாக்கி, வயிற்றில் நீர் கோத்துக் கொல்லும் நோய். பத்து ஆண்டுக்கு முன்பு இந்தப் பெயரைச் சொன்னாலே மருத்துவர் தலையை ஆட்டிவிடுவார். கலிஃபோர்னியாவில் நீல்ஸ் பெடர்சன் குழு ஜி.எஸ். 441524 என்ற மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்தது. பன்னிரண்டு வார சிகிச்சையை முடித்தவை 26. மிகப் பெரும்பாலானவை நலமாக வாழ்ந்தன என்று 2019இல் எழுதினார்கள். இப்போது அந்த 84 நாள் சிகிச்சையை நம் ஊரிலும் செய்கிறார்கள். மருந்து இருக்கிறது, பணம் இருந்தால் பூனை பிழைக்கும் என்ற நிலை ஒரு குடும்பத்தை எவ்வளவு வதைக்கும் என்பதை வைத்துத்தான் நான் பாலிசி எடுக்கச் சொல்கிறேன்.

இந்தியாவில் வைத்தியச் செலவைத் தரும் பாலிசி பிந்தி வந்த சரக்கு. ஸ்வீடனில் 1924லேயே நாய்க்கு பாலிசி போட்டார்கள். அமெரிக்காவில் 1982இல் முதல் பாலிசி, தொலைக்காட்சியில் நடித்த லாஸி நாய்க்கு. இங்கே 2020இல் பஜாஜ் அலையன்ஸ் நாய்களுக்கென ஆஸ்பத்திரிச் செலவையும் அறுவை சிகிச்சையையும் சேர்த்த பாலிசியைக் கொண்டுவந்தது, 2024இல் எச்.டி.எஃப்.சி. எர்கோ நாய், பூனை இரண்டுக்குமாக ஒன்றைத் தொடங்கியது. காது வில்லையின் இடத்தில் இப்போது அரிசி மணி அளவுச் சில்லு, தோலுக்கடியில், பதினைந்து இலக்க எண்ணோடு.

பாலிசித் தாளில் சாவுக்கு எவ்வளவு என்ற வரியைத்தான் ஏஜெண்ட் முதலில் காட்டுவார். அதைத் தாண்டிப் போங்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆண்டு வரம்பு எவ்வளவு, ஒவ்வொரு பில்லிலும் நம் பங்கு எத்தனை சதவீதம், எந்த நோய்க்குத் தனி உச்சவரம்பு, பாலிசி தொடங்கி எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று பாருங்கள். நாட்டுப் பூனையைச் சேர்க்கிறார்களா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தடுப்பூசிச் செலவும் கருத்தடை அறுவையும் பொதுவாக இதில் வராது. தடுப்பூசியால் தடுக்கக்கூடிய நோய்க்கு, ஊசி போட்ட அட்டை இல்லாமல் போனால் பணம் கிடைப்பது கடினம். பெரும்பாலும் முதலில் நாம் கட்டிவிட்டுப் பிறகு வாங்க வேண்டியிருக்கும், ஆகவே கையில் கொஞ்சம் காசும் வேண்டும். ஏற்கெனவே இருந்த நோய் என்று மருத்துவர் சீட்டில் ஒரு வரி வந்துவிட்டால் அந்த நோய்க்கு வாசல் மூடியது போலத்தான். அதனால்தான் குட்டிப் பருவத்திலேயே எடுக்க வேண்டும் என்கிறேன்.

பிரீமியத்தை வீணாக்குவதற்கு பதில் மாதச் சீட்டோ தபால் ஆபீஸ் ஆர்.டி.யோ போடலாமே என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, வளர்ந்த பூனை வைத்திருப்பவருக்கு நானும் அதையே சொல்வேன். மாதம் ஐந்நூறு ரூபாய் போட்டால் ஆறு மாதத்தில் மூவாயிரம்தான் சேரும். பார்வோவும் பால்கனியும் ஆறு மாதம் பொறுக்க மாட்டா. கட்டிய பணம் திரும்பி வரவில்லை என்றால் குட்டி நலமாக இருந்தது என்று அர்த்தம். ஈ.எஸ்.ஐ.க்குச் சம்பளத்தில் பிடித்த காசைத் திருப்பிக் கேட்ட மில் தொழிலாளி யாருமில்லை.

பிரீமியமும் கட்ட முடியாத வீடுகள் ஒக்கலிபுரத்தில் இன்னும் நிறைய. அவர்களுக்கு குயின்ஸ் ரோடும் ஹெப்பாளும்தான் கதி. அங்கே பூனைக்கென்று தனி வார்டும் இரவு மருத்துவரும் கேட்டு நாம் குரல் கொடுக்க வேண்டும். பிரீமியம் கட்ட முடிந்தவர்கள் தள்ளிப்போட வேண்டாம். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, மூன்று நான்கு வார இடைவெளியில் அடுத்தது, மூன்று மாதத்தில் ரேபீஸ். பல பாலிசிகள் சேர்த்துக்கொள்ளும் வயதும் ஏறக்குறைய அதுதான். ரேபீஸ் ஊசி போடும் அன்றே சில்லையும் பொருத்தச் சொல்லி, அட்டையில் மருத்துவரின் முத்திரையும் பதிவு எண்ணும் வாங்கி, அந்த வாரத்திலேயே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.